அளவுநாடாவோடு ஐரோப்பா போகும் பிள்ளைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் தெருவில் வசிக்கும் ஒரு பையன் கட்டடக்கலையில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். நீண்ட விடுமுறையின்போது இத்தாலியில் ஆறு வாரம் நடக்கும் கலை, கட்டடக்கலைக் கோடைப் படிப்பு ஒன்றில் அவனுக்கு இடம் கிடைத்தது. செலவில் ஒரு பகுதியையாவது ஈடுகட்டலாம் என்று நம்மவர் நடத்தும் கல்வி உதவி நிதி ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தான். சென்ற மாதம் வந்த பதிலில், சுற்றுலாச் செலவுகளுக்கு உதவி வழங்க இயலாது என்ற ஒரே ஒரு வரிதான் இருந்தது. கட்டட வரைவாளராக 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் மகளையும் சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற படிப்புக்கு அனுப்பியவன். அதனால் அவனுடைய தாயார் அந்தக் கடிதத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். அந்த நிதியின் பெயரை எழுத நான் விரும்பவில்லை. மருத்துவம், சட்டம், பொறியியல் என்று படிக்கப் போன ஏழைப் பிள்ளைகள் பலரைக் கரையேற்றியவர்கள் அவர்கள். ஆயினும் இந்த ஒரு வரி தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால் நம் சமூகத்தில் இத்தகைய நிதிகளை நடத்தும் எல்லாரும், பெற்றோர்களும் படிக்கும்படி இக்கடிதத்தை வெளியிட வேண்டுகிறேன்.

‘ஐரோப்பா’ என்றதும் புகழ்பெற்ற கட்டடங்களின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளும் காட்சியே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆகவே இந்தப் படிப்பு எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகள் சேர்ந்த படிப்பு ரோமில் இரண்டு வாரம், பிளாரன்சில் இரண்டு வாரம், விசென்சாவிலும் வெனிசிலுமாக ஒரு வாரம், கடைசி வாரம் பார்சலோனா என்று அமைந்திருந்தது. மூவர் கொண்ட குழுவுக்கு ஓர் அளவுநாடா கொடுப்பார்கள். ஒருவர் நாடாவின் நுனியைப் பிடிப்பார், ஒருவர் அளவைப் படிப்பார், மூன்றாமவர் குறித்துக்கொள்வார். அந்த அளவுகளைக் கொண்டு தளவரைபடம், முகப்பு, கட்டடத்தை நடுவே வெட்டினாற்போல் காட்டும் குறுக்குவெட்டு ஆகிய மூன்றையும் கையாலேயே வரைய வேண்டும். நடுப்பகலில் தேவாலயங்கள் பல மூடப்படுவதால், அந்நேரத்தில் நிழல் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து காலையில் வரைந்ததைத் திருத்துவார்கள். மாலையில் எல்லாருடைய தாள்களையும் சுவரில் ஒட்டச் சொல்லி, ஆசிரியர் ஒவ்வொன்றின் முன்னும் நின்று குறைகளைச் சொல்வார். இதைக் கட்டடக்கலை மாணவர்கள் ‘கிரிட்’ என்பார்கள். கோடையில் அங்கே இரவு ஒன்பது மணி வரையிலும் வெளிச்சம் இருக்கும். வேலையும் அதுவரை நீளும். அந்த ஆறு வாரத்தில் என் மகள் நான்கு வரைவேடுகளை நிரப்பினாள். அவை இன்றும் என் மேசையில் இருக்கின்றன. யார் கேட்டாலும் காட்டுகிறேன்.

ரோமில் அவளுக்குக் கிடைத்த முதல் பயிற்சி, பழைய ரோமானியக் கோயிலான பாந்தியன். பேரரசர் ஹாட்ரியன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 126-இல் முடிந்த கட்டடம் அது. அதன் குவிமாடத்தின் விட்டம் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சித் திறப்பு வரை உள்ள உயரமும் அதே அளவு. முழுப் பந்து ஒன்றை உள்ளே வைத்தால் தரையையும் சுவரையும் உச்சியையும் தொட்டுக்கொண்டு நிற்கும். கம்பி வைக்காத கான்கிரீட்டில் இதைவிடப் பெரிய குவிமாடம் இன்றுவரை உலகில் இல்லை. இந்த எண்களை இங்கிருந்தே புத்தகத்தில் படித்துவிடலாம். ஆனால் ஆசிரியர் கொடுத்த வேலை வேறு. உச்சித் திறப்பின் வழியாக இறங்கும் வெயில் வட்டம் உட்சுவரில் மணிக்கு மணி எங்கே நிற்கிறது என்பதைக் காலை ஒன்பது முதல் பிற்பகல் வரை ஒரே இடத்தில் இருந்து குறிக்கச் சொன்னார். அப்படிக் குறித்துக்கொண்டிருந்தபோதுதான் மற்றவையும் அவள் கண்ணில் பட்டன. குவிமாடத்தின் உட்புறத்தில் அடுக்குக்கு 28 வீதம் ஐந்து அடுக்காக அமைந்த குழிப்பெட்டிகள் மேலே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகின்றன. திறப்பின் வழியே விழும் மழைநீர் வடிவதற்காகத் தரை மெல்லச் சரிந்து சிறு துளைகளில் முடிகிறது. யாரும் சொல்லாமல் அவளே கண்டுகொண்டவை இவை. கூரையின் கனத்தைக் குறைப்பதற்காக அடிப்பகுதிக் கலவையில் கனமான கல்லையும் உச்சியை நெருங்கும்போது நுரைக்கல்லையும் அந்தக் காலத்துக் கொத்தனார்கள் சேர்த்திருக்கிறார்கள் என்ற, கண்ணுக்குத் தெரியாத செய்தியை, அவள் வரைந்து முடித்த பிறகே ஆசிரியர் சொன்னார். கற்பிக்கும் முறையில் இந்த வரிசை எவ்வளவு முக்கியம் என்பதை எண்ணிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பிளாரன்சில் பாடம் இன்னும் கடினமாக இருந்தது. அங்குள்ள பேராலயத்தில் 40 மீட்டருக்கும் கூடுதலான அகலத்தில் எண்கோணச் சுவர் எழும்பி நின்றது. அதன் மேல் எப்படிக் கூரை போடுவது என்று தெரியாமல் ஊரே திகைத்திருந்த நிலையில், பொற்கொல்லராகத் தொழில் பழகிய பிலிப்போ புருனெல்லெஸ்கி, தரையிலிருந்து தாங்குசாரம் எழுப்பாமலேயே 1420-இல் குவிமாடத்தைத் தொடங்கி 1436-இல் முடித்தார். நடுவே இடைவெளி விட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு குவிமாட ஓடுகளை எழுப்பி, செங்கல் வரிசைகளுக்கு இடையிடையே சில கற்களைச் செங்குத்தாக நிறுத்தி மீன்முள் போலக் கோத்தார். அதனால் உட்புறம் சாய்ந்த வரிசைகள் சாந்து இறுகும் முன்பே வழுக்காமல் நின்றன. உச்சிக்குச் செல்லும் 463 படிகளில் ஏறுபவர்கள் அந்த இரண்டு ஓடுகளுக்கும் நடுவே நடக்கிறார்கள். மேலே ஏற ஏறச் சுவர் தன் தோளின் மேல் சாய்ந்துகொண்டே வந்ததாக மகள் எழுதியிருந்தாள். நான் எத்தனையோ வளைவுகளை டிரேசிங் தாளில் வரைந்திருக்கிறேன். ஒரு வளைவின் பாரம் தோளுக்குத் தெரியும் என்பதை அவள் கடிதத்திலிருந்துதான் அறிந்தேன்.

கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக அதே புருனெல்லெஸ்கி 1419-இல் தொடங்கிய இல்லம் ஒன்று அதே ஊரில் இருக்கிறது. அதன் முன்தாழ்வாரத்தை அளப்பது அடுத்த பயிற்சி. தூணின் உயரம், தூணுக்கும் தூணுக்கும் உள்ள இடைவெளி, தாழ்வாரத்தின் ஆழம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று ஈடாக வரும்படி அமைந்த தாழ்வாரம் அது; பார்த்தவுடன் மனம் அமைதி கொள்வதற்குக் காரணம் அந்த ஒப்புமைதான். பழைய பிளாரன்சின் நீட்டலளவைக்குப் ‘பிராச்சோ’ என்று பெயர். கை என்பது பொருள். ஏறத்தாழ 58 சென்டிமீட்டர் வரும். இதை அவள் தொலைபேசியில் சொன்னபோது, பூச்சரத்தை முழங்கையில் வைத்து அளந்து கொடுக்கும் நம் முழத்தை நான் நினைத்துக்கொண்டேன். பிராச்சோவைவிட நம் முழம் சற்றுக் குட்டை. ஆனால் மனிதக் கையிலிருந்து கட்டடத்தின் அளவு பிறக்கிறது என்ற எண்ணம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அது நம் ஸ்தபதிகளுக்கும் புதிதன்று.

இவை எல்லாவற்றையும்விட என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பொலோனா நகரத்திலிருந்து பேசியதுதான். பாடத்திட்டத்தில் இல்லாத ஊர் அது. பிளாரன்சிலிருந்து விரைவு ரயிலில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தொலைவு என்பதால் தோழிகளுடன் போயிருந்தாள். "அப்பா, இந்த ஊர் முழுக்க அஞ்சடியாவே இருக்குப்பா" என்றாள். நம் கடைவீடுகளின் முன் கூரையோடு ஓடும் நடைவழியைத்தான் அஞ்சடி என்கிறோம். பொலோனாவில் வீடுகளின் மேல்மாடி தெருப்பக்கம் நீண்டு தூண்களின் மேல் நிற்க, அதன் கீழ் மக்கள் வெயிலும் மழையும் படாமல் நடக்கிறார்கள். இத்தகைய தூண்தாழ்வாரங்கள் மொத்தம் 62 கிலோமீட்டர் நீளம் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். 2021-இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. குன்றின் மேலுள்ள சான் லூக்கா ஆலயத்துக்குச் செல்லும் தாழ்வாரம் ஒன்று மட்டுமே 666 வளைவுகளுடன் நான்கு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீள்கிறது. வீடு கட்டுபவர் தாழ்வாரம் விட்டே தீர வேண்டும் என்ற நகரச் சட்டம் 1288-ஆம் ஆண்டிலேயே இருந்தது. நிலம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை ஊராருடையது என்பதே அதன் அடிப்படை. நம் அஞ்சடியின் அடிப்படையும் இதுவேதான். மலாயில் காக்கி லீமா என்று நாம் அழைக்கும் அந்த நடைவழி, 1822-இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்தில் விதியாக இடம்பெற்று, பிற்காலத்தில் இப்பகுதியின் கடைவீட்டுத் தெருக்களின் அடையாளமாகவே ஆயிற்று.

என் மகள் பினாங்கு ஜார்ஜ் டவுனின் குவீன் ஸ்திரீட்டில் என் கைப்பிடித்து நடந்து வளர்ந்தவள். 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அந்த அஞ்சடியில்தான் மழைக்கு ஒதுங்கியிருக்கிறோம். ஆனாலும் அது ஒரு கட்டடக்கலைச் செய்தி என்பது அவளுக்கும் தெரியாது, 34 ஆண்டுகள் கட்டடம் வரைந்த எனக்கும் தோன்றியதில்லை. பொலோனாவில் நின்றபோது அது அவளுக்குத் தெரிந்தது. திரும்பி வந்த இரண்டாம் வாரமே அளவுநாடாவை எடுத்துக்கொண்டு என்னையும் அழைத்துப் போய், ஒரே வரிசையில் பன்னிரண்டு கடைவீடுகளின் அஞ்சடியை அளந்தாள். அகலம் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. தரைமட்டம் வீட்டுக்கு வீடு ஏறி இறங்குகிறது. சில இடங்களில் மோட்டார் சைக்கிளும் சாமான் பெட்டிகளும் வழியை அடைத்து, நடப்பவர்களை வெயிலில் இறக்கிவிடுகின்றன. அந்த அளவுகளை வைத்து அவள் இறுதியாண்டு வேலையைச் செய்தாள். அன்னிய நாட்டைப் பார்க்கப் போன பிள்ளை தன் ஊர்த் தெருவைப் பார்க்கக் கற்றுக்கொண்டு வந்தாள் என்பதே, செலவழித்த பணத்துக்கு நான் கண்ட பலன்.

ஓவியத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது எனக்கு அவ்வளவு பழக்கமில்லாத துறை. ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் வண்ணம் தீட்டும் பிரெஸ்கோ முறையில், பூச்சு உலர்வதற்குள் அன்றைய பகுதியை முடித்துவிட வேண்டும். அதனால் ஒவ்வொரு நாளின் வேலைக்கும் சுவரில் ஒரு மெல்லிய விளிம்பு தங்கிவிடுகிறது. 1508 முதல் 1512 வரை மைக்கலாஞ்சலோ தீட்டிய சிஸ்டைன் சிற்றாலயக் கூரையிலும் அத்தகைய விளிம்புகள் உண்டு. பயிற்சிக்கூடத்தில் அவளே சுண்ணாம்பைக் குழைத்து, ஒரு முழச் சதுரத்தில் அந்த முறையைச் செய்து பார்த்தாள். சுண்ணாம்பின் இயல்பு தெரிந்த கைகள் நம் ஊருக்கு மிகவும் தேவை. ஜார்ஜ் டவுனின் பழைய சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தால் ஆனவை. அவற்றின் மேல் சிமெண்டைப் பூசினால் உள்ளே ஏறும் ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல்லை அரிக்கிறது. இந்தத் தவற்றை நான் பணியாற்றிய காலத்தில் பல வீடுகளில் கண்டு வருந்தியிருக்கிறேன்.

இனி நிதிக் குழுவினரின் கருத்துக்கு வருகிறேன். விசென்சாவில் என் மகள் வரைந்த கட்டடங்களை எழுப்பிய அந்திரேயா பல்லாதியோ ஒரு மாவரைப்பவரின் மகன். கல்தச்சராக வாழ்க்கையைத் தொடங்கியவர். அவருடைய திறமையைக் கண்ட திரிசினோ என்ற செல்வர் 1541-இல் அவரைத் தம்முடன் ரோமுக்கு அழைத்துச் சென்றார். அங்கே பழைய இடிபாடுகளை அளந்து வரைந்த பல்லாதியோ, பின்னும் சிலமுறை போய் அளந்து, 1570-இல் கட்டடக்கலை பற்றிய நான்கு நூல்களை வெளியிட்டார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளிலும் தூண்முகப்புக் கட்டடங்கள் பரவியதற்கு அந்நூல்கள் பெருங்காரணம். ஒரு தொழிலாளியின் பயணத்துக்கு ஒருவர் கொடுத்த பணம் அது. பிரெஞ்சு அரசும் 1666-இல் ரோமில் தன் கலைக்கழகத்தை நிறுவியது. போட்டியில் வென்ற இளம் ஓவியர்களையும் சிற்பிகளையும், 1720 முதல் கட்டடக்கலைஞர்களையும், அரசுச் செலவில் ஆண்டுக்கணக்கில் அங்கே தங்கவைத்தது. பழைய கட்டடங்களை அளந்து வரைந்த தாள்களைப் பாரிசுக்கு அனுப்ப வேண்டும் என்பது கட்டடக்கலைஞர்களுக்கு விதித்த கடமை. 1968 வரை அந்தப் பரிசு நீடித்தது. ஓர் அரசு முந்நூறு ஆண்டுகள் கல்வி என்று எண்ணிப் பணம் ஒதுக்கிய வேலையை நாம் ஒரே வரியில் சுற்றுலா என்று தள்ளிவிடலாகாது.

கணினித் திரையிலேயே எல்லாக் கட்டடங்களையும் சுற்றிப் பார்க்கலாமே, நேரில் ஏன் போக வேண்டும் என்றும் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பாரிசின் நோத்ர் தாம் பேராலயத்தின் கூரை 2019 ஏப்ரல் 15-இல் எரிந்து விழுந்தது. ‘காடு’ என்று அழைக்கப்பட்ட அதன் ஓக் மரச் சட்டகத்தை, அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் 2014-இல், இளம் கட்டடக்கலைஞர்கள் இருவர் ஒவ்வொரு உத்தரமாக அளந்து வரைந்து வைத்திருந்தார்கள். வேறொருவர் லேசர் கருவியால் பேராலயத்தை அளந்து வைத்திருந்தார். கருவியும் வேண்டும், கையும் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. அந்த வரைபடங்களின் துணையோடு சட்டகம் மீண்டும் ஓக் மரத்தாலேயே எழுந்து, 2024 டிசம்பரில் பேராலயம் திறக்கப்பட்டது. பார்சலோனாவில் ஜெர்மானியக் கட்டடக்கலைஞர் மீஸ் வான் டெர் ரோ 1929 கண்காட்சிக்காக அமைத்த ஜெர்மானியக் கூடமும் அடுத்த ஆண்டே பிரிக்கப்பட்டு, 1986-இல் பழைய வரைபடங்கள், புகைப்படங்களின் உதவியால் அதே இடத்தில் திரும்பக் கட்டப்பட்டது. நம் தோட்டப்புறக் கோயில்களும் பழைய தமிழ்ப்பள்ளிக் கட்டடங்களும் இடிக்கப்பட்டபோது அவற்றுள் எத்தனையின் அளவுகள் யாரிடமாவது இருந்தன என்று நினைக்கையில் எனக்கு மனம் கனக்கிறது.

கோடைப் படிப்பு என்ற பெயரில் வருவதெல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. பதினைந்து நாளில் ஒன்பது நகரங்கள் என்று அச்சிட்ட துண்டுப்பிரசுரம் ஒன்றை ஒரு முகவர் எங்களுக்கும் கொடுத்தார். அதில் வரைவதற்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்கப்படவில்லை. அதற்கு உதவி மறுத்தால் நானும் குழுவினரின் பக்கமே நிற்பேன். ஒரு நகரத்தில் குறைந்தது ஒரு வாரமாவது தங்குகிறார்களா, வரையக் கற்பிக்கும் ஆசிரியர் நாள்தோறும் உடன் இருக்கிறாரா, மாலையில் கிரிட் உண்டா, பல்கலைக்கழகம் அதற்கு மதிப்பெண் அலகு தருகிறதா என்று கேட்டாலே உண்மை வெளிப்பட்டுவிடும்.

செலவு பெரிதுதான், மறுக்கவில்லை. கட்டணம், தங்குமிடம், விமானம், உணவு எல்லாம் சேர்த்து எனக்கு 27,000 ரிங்கிட் ஆயிற்று. ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மலேசியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் எந்த 180 நாள் காலத்திலும் 90 நாள் வரை விசா இன்றி இத்தாலி, ஸ்பெயின் போன்ற நாடுகளில் தங்கலாம் என்பதால் விசாச் செலவும் அலைச்சலும் இல்லை. ஆனால் இத்தாலிய அரசு அருங்காட்சியகங்களில் 18 முதல் 25 வயது வரையிலானவர்களுக்கு உள்ள பெருஞ்சலுகை ஐரோப்பிய ஒன்றியத்தாருக்கே உரியது. நம் பிள்ளைகள் முழுக் கட்டணம் கட்ட வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அவை இலவசம் என்பதை மனத்தில் வைத்து நாள்களைத் திட்டமிட்டால் ஓரளவு மிச்சமாகும். ஜூலை வெயில் நம் ஊர் வெயிலுக்குக் குறைந்ததன்று. ரோமின் தெருக்களில் குடிநீர்க் குழாய்கள் நாள் முழுதும் ஓடிக்கொண்டிருப்பதால் ஒரு புட்டி கையில் இருந்தால் போதும். தேவாலயங்களில் தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். கோயிலுக்குப் போய்ப் பழகிய பிள்ளைகளுக்கு இதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

நிதி நடத்துபவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். விண்ணப்பிக்கும் மாணவரிடம் மதிப்பெண் பட்டியலோடு, தன் ஊரிலுள்ள ஒரு பழைய கட்டடத்தை அவரே அளந்து கையால் வரைந்த மூன்று தாள்களையும் கேளுங்கள். வீட்டருகே உள்ள கட்டடத்தை அளக்காதவருக்குப் பாந்தியன் முன் நின்றாலும் ஒன்றும் புலப்படாது. பினாங்கில் இதற்கு இடமா இல்லை? 1818-இல் கட்டி முடிக்கப்பட்ட செயிண்ட் ஜார்ஜ் தேவாலயத்தின் முன் நிற்கும், பழைய கிரேக்கப் பாணியிலான தோரிக் தூண்களில் பல்லாதியோவின் கை தெரிகிறது. அதைக் கட்டிய உழைப்போ இந்தியாவிலிருந்து கைதிகளாகக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களுடையது. அந்தத் தூணின் சுற்றளவை நம் பிள்ளை ஒருவர் நாடா வைத்து அளப்பது, எனக்கு, வெறும் பயிற்சியாகத் தோன்றவில்லை.

தாள்களை எப்படி வரைவது என்று கேட்பவர்களுக்கு நானே சொல்லித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை எட்டு மணிக்கு மகாமாரியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள அஞ்சடியில் இருப்பேன். நாடாவும் பலகையும் தாளும் என்னிடம் உண்டு, கட்டணம் எதுவும் இல்லை. எங்கள் தெருப் பையன் மூன்று வாரமாக வருகிறான். கடைவீடு ஒன்றின் தளவரைபடத்தையும் முகப்பையும் முடித்துவிட்டான். நடுவில் உள்ள காற்றுவெளி முற்றத்தின் வழியாகக் குறுக்குவெட்டு எடுக்க வேண்டியது பாக்கி. வீட்டுக்காரர் உள்ளே வர அனுமதி தந்திருக்கிறார். அது முடிந்ததும் அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பத்தோடு இந்த மூன்று தாள்களையும் அதே நிதிக்கு அவன் அனுப்புவான். குழுவினர் அவற்றை மேசையில் விரித்து வைத்து, ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட வரைவாளர்,
ஜெலுத்தோங், பினாங்கு.